இருபத்திரண்டாவது கை

பதினைந்து நாள் விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலையிலிருந்தே மழை. மணி மூன்றே முக்கால்தான். ஆனாலும் தெருவில் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போகிற அளவுக்கு இருட்டு. எங்கள் டியூஷன் நிறுவனம் இருப்பது ஒரு பழைய மாடி வீட்டில். படுக்கையறை, சமையலறை, சாமான் போடுகிற அறை என்று எதையும் விட்டு வைக்காமல் வகுப்பறை ஆக்கிவிட்டார்கள். அறைக்கு ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு டீச்சர். ஒருத்தியின் சத்தம் அடுத்தவளுக்குக் கேட்கக் கூடாது என்று சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் அது நமுத்துப் போய், ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி வாடை அடிக்கும். கதவைச் சாத்திவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. நம் மூச்சுதான் நமக்குக் கேட்கும்.

என் அறை மாடிப்படிக்குக் கீழே, கடைசியாக இருக்கிறது. நான் நான்காம் வகுப்புக் கணக்கு டீச்சர். மாலை நாலிலிருந்து அஞ்சு வரை ஆன்லைன் வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லோரும் அவரவர் வீட்டில்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம், கர்வமும் ஜாஸ்தி. மற்ற டீச்சர்கள் பாடம் எடுக்கும்போது பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டு கார்ட்டூன் பார்க்கப் போய்விடும். பாவம், இவர்கள் ஆளில்லாத பெட்டிகளைப் பார்த்து மூச்சு முட்டப் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னிடம் அந்தப் பருப்பு வேகாது. "பத்து எண்ணுறதுக்குள்ள வீட்டுல வட்டமா இருக்கிற ஒண்ணைக் கொண்டு வா" என்பேன். தட்டு, மூடி, பந்து என்று ஸ்க்ரீன் முழுக்க வட்டமாக வந்து நிற்கும். ஒரு பயல் தன் தம்பியின் மொட்டைத் தலையையே இழுத்துக்கொண்டு வந்து காட்டினான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி, ஒரு விளையாட்டு, ஒரு ஓட்டெடுப்பு. கொட்டாவி விட நேரம் கொடுக்க மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் வைத்திருந்தேன். கை தூக்குகிற பட்டனை அமுக்க வேண்டும், நான் சரி சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். தண்ணீர் குடிக்கவும் அப்படித்தான், மூக்குச் சிந்தவும் அப்படித்தான். இந்தச் சட்டத்தை மற்ற டீச்சர்களை உட்கார வைத்துப் பாடமாகவே எடுத்திருக்கிறேன்.

வாலு என்று ஒருத்தி இருந்தாள். ஒன்பது வயது. வீட்டில் வைத்த பட்டப் பெயரை அவளே டைப் அடித்து ஸ்க்ரீனில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஏற்ற பெயர்தான். ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை கை தூக்குவாள். "மிஸ், உங்க பின்னாடி பல்லி." "மிஸ், நேத்தும் இதே டிரெஸ்தானே போட்டிருந்தீங்க?" என் வாய்க்கு அவள் ஒருத்திதான் ஜோடி. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் என் கட்டை வேகாது.

நான் விடுப்பில் போவதற்கு முன்னால் ஒரு நாள் மேலாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புது டீச்சர்களுக்குக் காட்டுவதற்காக என் வகுப்பைப் பதிவு செய்தார்கள். மழையில் நெட் திணறியதால் பிள்ளைகளின் கேமராவையெல்லாம் அணைத்துவிட்டு, பாடத்தை மட்டும் ஸ்க்ரீன் நிறையப் போட்டிருந்தேன். இடையில் யாரும் உளறிவிடக் கூடாதே என்று, நான் திறந்தால்தான் மைக் திறக்கும் என்கிற மாதிரி பூட்டியும் வைத்தேன்.

நாலு இருபத்தைந்துக்கு வாலு கை தூக்கினாள்.

ஆரம்பிச்சுட்டாடா, இன்னைக்கும் பல்லிதான் என்று நினைத்தேன். 'எல்லாக் கைகளையும் இறக்கு' என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினேன். திரும்பவும் தூக்கினாள், திரும்பவும் இறக்கினேன். மூன்றாவது தடவையும் அப்படியே. அதற்குப் பிறகு அவள் தூக்கவில்லை. "அடங்கிட்டா" என்று மேலாளரைப் பார்த்துச் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

அஞ்சு மணிக்கு அறிக்கை வந்தது. வகுப்புக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு, கடைசி வரை இருந்தவர்களும் இருபத்திரண்டு. மேலாளர் கை குலுக்கிவிட்டுப் போனார்.

வாலுவின் அம்மாவுக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, பிள்ளை மேசையின் மேல் கவிழ்ந்து கிடந்திருக்கிறாள். மூச்சு இளைப்பு. கைக்குழந்தையிலிருந்தே உண்டாம்.

அறிக்கையில் அஞ்சு மணி வரை இருந்ததாகப் போட்டிருந்ததால், நடந்தது எல்லாம் அஞ்சு மணிக்கு மேல்தான் என்று அந்தம்மா நம்பிவிட்டார். துக்கம் விசாரிக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் உங்ககூட சந்தோஷமா இருந்தா மிஸ், எனக்கு அது போதும்" என்று அழுதார். ஊரையே பேசுகிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் படுத்துக் கிடந்தேன்.

இப்படித்தான் அந்த மழை நாளில் திரும்பி வந்தேன். லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே விடுவதற்காகப் பிள்ளைகள் வரிசையில் காத்திருந்தார்கள். பழக்க தோஷம், எண்ணினேன். இருபத்தொன்று இருக்க வேண்டும்.

இருபத்திரண்டு இருந்தது.

கடைசிப் பெயர், வாலு.

அடுத்த நொடி கோபம் வந்தது. எல்லோரையும் உள்ளே விட்டு, "யாருடா அது, பேரை மாத்திப் போட்டு விளையாடறது? தோலை உரிச்சிடுவேன்!" என்று கத்தினேன். இருபத்தொரு முகங்கள் மிரண்டு போய்ப் பார்த்தன. ஒரு பெட்டி மட்டும் கறுப்பாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் போன் வந்தது. வாலுவின் அம்மா.

"நான்தான் மிஸ் உள்ளே வந்தேன். கோச்சுக்காதீங்க. லீவுல இருக்கேன். உங்க குரல் கேட்டா, அவ பக்கத்து ரூம்ல உட்கார்ந்து படிக்கிற மாதிரியே இருக்கு. அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"தாராளமா வாங்கம்மா."

"பேர் கூப்பிடும்போது அவ பேரையும் ஒரு தடவை கூப்பிடுவீங்களா?"

சரி என்றேன். மறுநாளிலிருந்து கடைசியாக "வாலு" என்று கூப்பிட்டு, இரண்டு நொடி நிறுத்துவேன். பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நாலு இருபத்தைந்துக்கு அந்தக் கறுப்புப் பெட்டியில் கை உயர்ந்தது. அந்தம்மாவின் விரல் தவறிப் பட்டிருக்கும் என்று இறக்கிவிட்டேன். திரும்ப உயர்ந்தது. இறக்கினேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு உயரவில்லை. செவ்வாய்க்கிழமையும் அதே நேரம், அதே மூன்று தடவை. புதன்கிழமையும் அப்படியே.

அஞ்சு மணிக்கு எல்லோரும் போனதும் அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் இரைச்சல்.

"ஏதாவது சொல்லணுமாம்மா? கை தூக்கறீங்களே."

"நானா? நான் திங்கட்கிழமையே வேலைக்கு வந்துட்டேனே மிஸ். டேப்லெட்டை அணைச்சு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு. ஏன் மிஸ்?"

போனைக் காதில் வைத்தபடியே லேப்டாப்பைப் பார்த்தேன்.

எல்லோரும் போன வகுப்பில் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது.

கை உயர்ந்தே இருந்தது.

லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டு வெளியே ஓடினேன். செருப்பைக்கூட மாட்டவில்லை.

ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். பேய்க்குப் பயந்ததைவிட அந்தத் தாயின் முகத்துக்குத்தான் அதிகம் பயந்தேன். மைக்கைத் திறந்து 'என்ன கண்ணா' என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு நான் செய்தது வெளியே வந்துவிடும். தினம் மூன்று தடவை இறக்கிக்கொண்டே இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வியாழனும் வெள்ளியும் அப்படித்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை அந்தக் கை மேலே வர ரொம்ப நேரம் எடுத்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை வாலுவின் அம்மா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. அவர் ஃபேக்டரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது தினமும் உயர்கிற அந்தக் கையையும் சேர்த்து.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எத்தனை தடவை?"

"மூணு."

"மூணு தடவை கூப்பிட்டிருக்கா. நீங்க திரும்பிப் பார்க்கலை."

"ஆமாம்மா."

கன்னத்தில் அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அறையவில்லை. வெகு நேரம் சட்டையின் காலரையே தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்க வந்தான்னு தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்குக் கேளுங்க. நானும் கூட உட்காருறேன்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டியூஷன் வீட்டில் ஈ காக்கை கிடையாது. சாவி என்னிடம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே என் அறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் அறுந்து போனது. நான் யாரையும் வகுப்புக்கு அழைக்கவில்லை. நாலு மணிக்கு ஒரே ஒரு பெயர் வந்து நின்றது. உள்ளே விட்டேன். இரண்டு பேரும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். முட்டை அட்டை வாடையோடு இன்னொரு வாடையும் கலந்து வந்தது. மருந்து வாடை.

கை உயர்ந்தது.

மைக்கைத் திறந்தேன்.

முதலில் மூச்சுதான் கேட்டது. அடைத்துக்கொண்டு, விசில் மாதிரி இழுத்து, பாதியில் நின்று, மறுபடி இழுக்கிற மூச்சு.

"மிஸ்..."

அந்தம்மாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

"சொல்லு கண்ணா."

"பக்கத்து ரூம்ல மருந்து இருக்கு மிஸ். போய் எடுத்துக்கட்டுமா?"

அவ்வளவுதான். இதைக் கேட்கத்தான் கை தூக்கியிருக்கிறாள். எட்டு அடி தூரம். தன் பாட்டுக்கு எழுந்து போயிருக்கலாம். ஊரில் ஒரு சட்டத்தையும் மதிக்காத அந்த வாலு, என்னுடைய அந்த ஒரு சட்டத்தை மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

"போ கண்ணா! ஓடு! என்னைக் கேட்கவே வேண்டாம், ஓடு!"

நாற்காலி நகர்ந்தது. வெறுங்கால் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு இழுப்பறை திறந்தது. புஸ் என்று ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. மூச்சு மெல்ல மெல்ல இறங்கி வர அரை மணி நேரம் போல ஆனது. பிறகு கால் சத்தம் திரும்பியது.

"வந்துட்டேன் மிஸ்."

அந்தம்மா லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வாலு! அம்மாடி! அம்மா இங்கதான் இருக்கேன்!"

"மிஸ், இருக்கீங்களா? சத்தமே வரலை."

"இருக்கேன் கண்ணா. அம்மா என் பக்கத்துலதான் இருக்காங்க."

"ஐய, போங்க மிஸ், பொய். அம்மா ஃபேக்டரிக்குப் போயிருக்காங்க. அஞ்சரைக்குத்தான் வருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "க்ளாஸை முடிச்சுடாதீங்க மிஸ். அம்மா வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருங்க. இங்க ரொம்ப இருட்டா இருக்கு."

அந்தம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சு ஆக நாலு நிமிடம். எனக்குப் புரிவதற்கு முன்பே பெற்றவளுக்குப் புரிந்துவிட்டது, அஞ்சரைக்கு அவர் அங்கே கதவைத் திறந்தாக வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அவருடைய போனிலும் வகுப்பைப் போட்டுப் பார்த்தேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. என் லேப்டாப்பில் மட்டும்தான் அவள் குரல் இருந்தது. இங்கேயே இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கலாம். போனால் அதுவும் இல்லை.

குரல் வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி.

"பேசிக்கிட்டே இருங்க மிஸ். நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினார்.

பேசினேன். வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். மொட்டைத் தலைத் தம்பி கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். "மிஸ், உங்க பின்னாடி பல்லி" என்றாள். "இருந்துட்டுப் போகட்டும் கண்ணா, நீ சொல்லு" என்றேன். அவள் என்னவெல்லாமோ சொன்னாள். அத்தனையும் ஒரு வருஷமாக நான் இறக்கிவிட்ட கைகளுக்குள் இருந்த சேதிகள். அழுகிற சத்தம் மைக்கில் போகாமல் இருக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அஞ்சரை.

லேப்டாப்புக்குள் ஒரு சாவி திரும்பியது. கதவு திறந்தது. ஈரச் செருப்பின் சத்தம். மூச்சிரைக்க, ஆனால் தினமும் வருகிற மாதிரியே, "வாலு! அம்மா வந்துட்டேன்!" என்று அவர் குரல்.

"மிஸ், அம்மா வந்துட்டாங்க! போகட்டுமா?"

"போ கண்ணா."

பெட்டி மறைந்தது.

ஐந்து நிமிடம் கழித்துப் போன் வந்தது. "மிஸ், வீட்டுல யாருமே இல்லை. எல்லா இடத்துலயும் பார்த்துட்டேன். எதுவுமே கேட்கலை." விம்மினார். "நான் வந்தது அவளுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. துள்ளிக்கிட்டு ஓடினா."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் நாலு மணிக்கு வரிசையில் இருபத்திரண்டு பெயர்கள் நின்றன.

மூன்று மாதம் ஆகிறது. தினமும் நாலு இருபத்தைந்துக்குக் கை உயரும், நான் "ஓடு கண்ணா" என்பேன். மற்ற பிள்ளைகளுக்கு அவள் குரல் கேட்பதில்லை. கணக்கு மிஸ் தனியாகப் பேசிக்கொள்கிறார் என்று மேலாளருக்குப் புகார் போயிருக்கிறது. போகட்டும். என் சட்டத்தை நானே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். எழுந்து போக நினைக்கிறவர்கள் எழுந்து போகலாம். அஞ்சு மணிக்கு இப்போதெல்லாம் பாதிப் பேர்கூட மிச்சமிருப்பதில்லை. அதன் பிறகு அஞ்சரை வரை நானும் வாலுவும் பேசிக்கொண்டிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமையாவது வந்து அவள் குரலைக் கேளுங்கள் என்று அந்தம்மாவைக் கூப்பிட்டேன். "வேண்டாம் மிஸ். அங்க வந்து உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வராது. அவ காத்துக்கிட்டிருப்பா" என்றுவிட்டார். எந்த நாளாக இருந்தாலும் அஞ்சரைக்குக் கதவைத் திறந்து, காலி வீட்டைப் பார்த்து "அம்மா வந்துட்டேன்" என்கிறார். பிறகு எனக்குப் போன் செய்வார். "கேட்டுச்சா மிஸ்?" என்பார். "கேட்டுச்சும்மா" என்பேன். அதற்கு மேல் பேச எங்களிடம் ஒன்றும் கிடையாது. மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற யோக்யதை எனக்கு இல்லை.

நேற்று போன் வரக் கொஞ்சம் தாமதமானது. வந்தபோது அவர் ரகசியம் பேசுகிற மாதிரி பேசினார்.

"மிஸ், மேசை மேல ஒரு டம்ளர் தண்ணி இருக்கு."

"காலையில வெச்சிருப்பீங்கம்மா."

"இல்லை மிஸ். எல்லாத்தையும் கழுவிக் கவுத்துட்டுத்தான் போனேன். நான் வேலை விட்டு வந்ததும் அவதான் ஓடிப் போய்த் தண்ணி கொண்டாருவா. தளும்பத் தளும்ப ஊத்தி, வழியெல்லாம் சிந்திக்கிட்டு வருவா." மூக்கை உறிஞ்சினார். "அடுப்படியிலிருந்து இங்க வரைக்கும் தரையில சொட்டுச் சொட்டா ஈரம் மிஸ்."

என் அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஸ்க்ரீனில் ஒரு பெயரும் இல்லை.

"குடிக்கட்டுமா மிஸ்?"

பெற்றவள், தன் பிள்ளை வைத்த தண்ணீரைக் குடிக்க என்னிடம் அனுமதி கேட்கிறாள்.

"குடிங்கம்மா" என்றேன்.

அவர் மடக்கு மடக்காக விழுங்குவது போனில் கேட்டது. அதற்குப் பின்னால், அவருக்குப் பக்கத்திலேயே, யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தமும் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. குடித்துக்கொண்டே இருந்தார்.